கட்டிலிலிருந்து நாற்காலிக்கு: முதியோர் இல்லத்தில் யாரை எப்படி இடம் மாற்றுவது?

முதியோர் இல்லம் ஒன்றில் விடியற்காலை தொடங்கிக் காலை உணவு முடியும்வரை செவிலியர் உதவியாளர்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி, ஒருவரை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவதுதான். ஒருக்களித்துப் படுக்க வைப்பது, கீழே சரிந்துவிட்டவரைத் தலைமாட்டுப் பக்கம் ஏற்றுவது, எழுப்பி உட்கார வைப்பது, சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, கழிப்பறைக்கும் குளியலுக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவருவது என்று அது நீளும். தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றில் இவ்வளவும் இரண்டு பேரின் கைகளாலேயே நடந்துவிடுகிறது. கருவி வாங்கலாமா, எதை வாங்குவது, யாருக்குப் பயன்படுத்துவது என்ற கேள்விகள், ஓர் உதவியாளர் முதுகுவலியால் வேலையை விட்ட பிறகோ, ஒரு முதியவரின் தோள்மூட்டு இறங்கிய பிறகோதான் நிர்வாகத்தின் காதுக்கு எட்டுகின்றன.

நடைமுறையில் உள்ள வழிகள் ஐந்து. கைகளால் தூக்குவது, இடுப்பில் டிரான்ஸ்ஃபர் பெல்ட் கட்டி எழுப்புவது, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில் பாலம்போல் வைத்த பலகையின் மேல் நகர்த்துவது, நிற்க வைக்கும் லிஃப்டைப் பயன்படுத்துவது, முழு உடலையும் ஸ்லிங் என்னும் துணித் தொட்டிலில் ஏந்தித் தூக்கும் பேஷன்ட் லிஃப்டைப் பயன்படுத்துவது. இவற்றுள் எதைத் தேர்வது என்பதை முதியவரின் எடையைக் கொண்டும், அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டும் முடிவு செய்வதே பழக்கமாக இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியவை வேறு மூன்று: இந்த நேரத்தில் அவர் காலில் எடை தாங்குகிறாரா, பிடிமானம் இல்லாமல் கட்டில் விளிம்பில் உட்காருகிறாரா, சொல்வதைப் புரிந்துகொண்டு அதன்படி செய்கிறாரா. எடையும் ஆள்பலமும் இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

கைகளால் தூக்குவதிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் மற்ற நான்கும் இதற்கு மாற்றாகவே வந்தவை. ஒருவர் அக்குள்களின் வழியே கைகளைக் கோத்து மார்பைப் பிடிக்க, இன்னொருவர் முழங்கால்களுக்கு அடியில் பிடித்து, ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணித் தூக்கும் முறையை இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், மிகவும் சாதகமான சூழலில், உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்கக்கூடிய பொருளுக்கே 23 கிலோ என்ற உச்சவரம்பை வைத்திருக்கிறது. மனித உடல் பெட்டியைப் போல ஒட்டிப் பிடிக்க வாய்ப்பானது அன்று. நடுவில் நெளியும், பயந்து இறுகும், திடீரென்று ஒரு பக்கம் சாயும். அதனால் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல் அந்த வரம்பைக் கணக்கிடும் சமன்பாட்டை நோயாளிகளைத் தூக்கும் வேலைக்குப் பொருத்திப் பார்த்து, ஒரு பராமரிப்பாளர் தாங்கக்கூடியது ஏறத்தாழ 16 கிலோ என்று சொன்னார். அதுவும் ஒத்துழைக்கும் நோயாளியாக இருக்க வேண்டும், திடீர் அசைவு இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடுதான்.

இந்த 16 கிலோவை நம் இல்லங்களில் வைத்துப் பார்த்தால் கணக்கு சிரமமே இல்லை. அறுபது கிலோ எடையுள்ள ஒரு பாட்டியை இருவர் தூக்கினால், எடை சரிபாதியாகப் பிரிந்தால்கூட ஆளுக்கு முப்பது கிலோ. உண்மையில் அது சரிபாதியாகப் பிரிவதில்லை. தலைப்பக்கம் நிற்பவருக்கே அதிகம் விழும். மனிதனின் ஒரு கால் உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்பதால், அந்தப் பாட்டியின் இரண்டு கால்களை மட்டும் தரையிலிருந்து எடுத்துக் கட்டிலின் மேல் வைப்பதே 16 கிலோவைத் தாண்டிவிடுகிறது. ‘காலைத்தானே எடுத்து வைக்கிறோம்’ என்று குனிந்தபடி செய்யும் அந்தச் சிறு வேலையை ஒருவர் ஒரே ஷிஃப்டில் பத்துப் பதினைந்து தடவை செய்கிறார். கால்களை ஒவ்வொன்றாக வைப்பது, இந்த வரம்புக்குள் வேலையைக் கொண்டுவரும் எளிய மாற்றம்.

தூக்கப்படுபவருக்கும் இதில் ஆபத்து குறைவில்லை. பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்தவரின் தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்திருக்கும். அந்தப் பக்க அக்குளில் கை கொடுத்து இழுத்தால் மூட்டு இறங்கிப் போகும். வயதான தோல் கசங்கிய காகிதத்தைப் போல மெலிந்திருப்பதால், அழுத்திப் பிடித்த இடத்தில் தோல் உரிந்து வருவதும் உண்டு. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டின் விதிகள், ஆபத்தான கைத்தூக்கலை இயன்றவரை தவிர்க்கும் பொறுப்பை வேலை கொடுப்பவர்மீதே வைத்தன. அக்குளில் பிடித்துத் தூக்குவதைச் செய்யக் கூடாத முறை என்றே அங்குள்ள பயிற்சிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆகவே முழு எடையையும் கைகளால் தூக்குவதை ஒப்பீட்டுப் பட்டியலில் ஒரு தேர்வாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தீ, மாரடைப்பு போன்ற அவசர நேரங்களுக்கு மட்டும் அதை ஒதுக்கி வைக்கலாம்.

கைகளுக்கு அடுத்தபடியாக மலிவானது டிரான்ஸ்ஃபர் பெல்ட். அகலமான துணிப்பட்டை, கைப்பிடிகள் வைத்துத் தைத்ததாக இருந்தால் நல்லது. இது தூக்கும் கருவி அன்று என்பதை வாங்கும்போதே உதவியாளர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். முதியவர் தாமே எழுந்திருக்கிறார், பெல்ட் அவரது சமநிலையைக் காக்கிறது, அவ்வளவுதான். குறைந்தது ஒரு காலிலாவது நன்றாக எடை தாங்குபவருக்கும், ‘முன்னால் சாயுங்கள், இப்போது எழுந்திருங்கள்’ என்றால் செய்பவருக்கும் இதுவே மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது, ஏனெனில் அவருக்கு மிச்சமிருக்கும் கால்பலத்தை இது தினமும் பயன்படுத்த வைக்கிறது. நிற்கக்கூடியவரை வசதிக்காக ஸ்லிங்கில் தூக்கிப் பழக்கினால் கால் தசைகள் விரைவில் நலியும், பிறகு அவருக்கு உண்மையிலேயே ஸ்லிங் தேவைப்படும்.

செய்யும் விதத்தில் சில நுட்பங்கள் உண்டு. சக்கர நாற்காலியை முதியவரின் பலமுள்ள பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டு, கால்மிதிகளை ஒதுக்கிவிட வேண்டும். பெல்ட்டை ஆடையின் மேல், இடுப்பில், ஓரிரு விரல் நுழையும் இறுக்கத்தில் கட்டி, கைப்பிடியைக் கீழிருந்து மேலாகப் பிடிக்க வேண்டும். படுத்திருந்தவரை உடனே நிறுத்தாமல் சில நிமிடங்கள் கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார வைக்க வேண்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நிலை. ரத்த அழுத்த மாத்திரைகளும் புராஸ்டேட் மாத்திரைகளும் சாப்பிடும் முதியவர்களிடம் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. நின்றவுடன் தலை சுற்றுகிறது என்றால் பெல்ட்டைப் பிடித்தபடியே திரும்ப உட்கார வைப்பதுதான் சரி. ‘இன்னும் ரெண்டு எட்டுதான், வாங்க’ என்று இழுக்கக் கூடாது. அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை ஆனவர், வயிற்றில் குழாயோ மலப்பையோ வைத்திருப்பவர், விலா எலும்பு முறிந்தவர், எலும்பு மிகவும் தேய்ந்தவர் ஆகியோருக்குப் பெல்ட் ஆகாது.

டிரான்ஸ்ஃபர் பலகை ஒரு குறிப்பிட்ட வகையினருக்கே பொருந்தும்: உட்காரும் சமநிலையும் கைபலமும் உண்டு, கால்கள் தாங்காது. சர்க்கரை நோயில் கால்களை இழந்தவர்கள் இதைப் பழகிக்கொண்டால் யாருடைய உதவியும் இல்லாமல்கூட இடம் மாறுகிறார்கள். இடையூறு நம் நாற்காலிகளில்தான் இருக்கிறது. இங்கே விலை குறைவாகக் கிடைக்கும் மடக்குச் சக்கர நாற்காலிகளில் கைப்பிடி கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டிருப்பதால், பக்கவாட்டில் நகர்ந்து உட்கார வழியில்லை. பலகை வாங்கும் முன் கைப்பிடி கழலும் நாற்காலி வேண்டும். வெறும் தோல் பலகையில் உரசாதபடி ஆடையோ துணியோ இருக்க வேண்டும். வியர்த்த தொடை பலகையில் ஒட்டிக்கொண்டு இழுபடும்.

அடுத்து வரும் இரண்டு லிஃப்டுகளுக்கு இடையில்தான் இல்ல நிர்வாகிகள் அதிகம் குழம்புகிறார்கள். நிற்க வைக்கும் லிஃப்டில் முதியவர் கால்தட்டில் பாதங்களை வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு மெத்தைத் தடுப்பில் சாய்ந்து, கைகளால் பிடியைப் பற்றிக்கொள்ள, முதுகைச் சுற்றிய பட்டை அவரை முன்னோக்கி எழுப்பும். பார்ப்பதற்குக் கண்ணியமாக இருக்கும். நின்றபடியே ஆடையை நீக்கிக் கழிப்பறை இருக்கையில் அமர்த்தலாம் என்பதால் வேலையும் விரைவாக முடியும். விற்பனையாளர்கள் செய்துகாட்டும்போது இதுதான் மனத்தைக் கவரும். ஆனால் அந்தச் செய்முறையில் ஏறி நிற்பவர் பெரும்பாலும் கடையின் இளைஞர். காலில் எடை தாங்காத ஒருவரை அதில் ஏற்றினால், முழங்கால் மடங்கி உடல் கீழே இறங்க, பட்டை மேலேறி அக்குளில் மாட்டிக்கொள்ளும். உடலின் எடை முழுவதும் இரண்டு தோள்களில் தொங்கும். கைத்தூக்கலில் எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதே தீங்கை மோட்டார் வைத்துச் செய்ததாகிவிடும்.

முழு ஸ்லிங் லிஃப்ட் மெதுவானது, இடத்தை அடைப்பது, முதல் தடவை பார்க்கும் முதியவரைப் பயமுறுத்துவது. ஆனாலும் நிற்காதவர், உட்கார முடியாதவர், சொல்வது புரியாதவர் ஆகிய எல்லோருக்கும் பாதுகாப்பானது இது ஒன்றுதான். ஒரே ஒரு லிஃப்ட் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் தயங்காமல் இதையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. நிற்க வைக்கும் லிஃப்டுக்கு உரியவரை, அது இல்லாதபோது பெல்ட்டின் துணையோடு இருவராலோ, ஸ்லிங்கினாலோ சமாளித்துவிடலாம். ஸ்லிங்குக்கு உரியவருக்கு அது இல்லாவிட்டால் வேறு வழி கிடையாது; அவர் ஒன்று கைகளால் தூக்கப்படுவார், அல்லது நாள் முழுவதும் கட்டிலிலேயே கிடப்பார்.

வாங்குவதற்கு முன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். லிஃப்டின் இரண்டு கால்களும் கட்டிலுக்குக் கீழே நுழைந்தால்தான் தூக்கும் கை முதியவருக்கு நேர் மேலே வரும். சாமான் வைக்கும் பெட்டியோடு செய்த மரக்கட்டில்களிலும், அடியில் குறுக்குச் சட்டம் தாழ்வாக ஓடும் இரும்புக் கட்டில்களிலும் அது நுழையாது. கைப்பிடி சுழற்றித் தலைமாட்டை உயர்த்தும் ஃபவுலர் கட்டிலில் பெரும்பாலும் இடம் இருக்கும், எனினும் அளந்து பார்ப்பது நல்லது. அறைக்கும் குளியலறைக்கும் இடையில் உயரமான வாசற்படி இருந்தால் லிஃப்டில் தொங்கவிட்டபடி அதைக் கடக்க முயலக் கூடாது; லிஃப்ட் கட்டிலிலிருந்து பக்கத்து நாற்காலிக்கு மாற்றத்தான், வராந்தாவில் ஊர்வலம் போக அன்று. கூரையில் தண்டவாளம் பொருத்தி ஓடும் லிஃப்ட் இந்தத் தொல்லைகளில் பலவற்றை நீக்கும், தள்ளும் சிரமமும் இராது. ஆனால் கான்கிரீட் கூரையும் பொறியாளரின் ஒப்புதலும் வேண்டும் என்பதால் புதிதாகக் கட்டப்படும் இல்லங்களே அதைப்பற்றி யோசிக்கலாம்.

ஸ்லிங் போடும் வேலையை நெருங்கிப் பார்த்தால், தவறு நடக்கும் இடங்கள் தெரியும். பெரிய அளவு ஸ்லிங்கில் மெலிந்தவர் நழுவி விழுவார். சிறிய அளவு தொடை இடுக்கை நெரிக்கும். ஆகவே ஒரு லிஃப்டுக்கு ஒரே அளவு ஸ்லிங் போதாது. வளையங்களின் நீளத்தை அவற்றின் நிறம் காட்டுவதால், தோள் பக்கத்து வளையங்கள் இரண்டும் ஒரே நிறத்திலும், கால் பக்கத்து வளையங்கள் இரண்டும் ஒரே நிறத்திலும் மாட்டப்பட வேண்டும். தோள் பக்கம் குட்டையான வளையத்தை மாட்டினால் முதியவர் நிமிர்ந்தும், நீளமானதை மாட்டினால் சாய்ந்தும் இருப்பார். மெத்தையிலிருந்து நாலு விரல் உயரம் எழுந்ததும் நிறுத்தி, எல்லா வளையங்களும் கொக்கியில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே நகர்த்த வேண்டும். தூக்கும் நேரத்தில் நாற்காலியின் பிரேக் போட்டிருக்க வேண்டும், லிஃப்டின் சக்கரங்களோ பெரும்பாலான மாடல்களில் பூட்டப்படாமல் இருக்க வேண்டும்; எடை ஏறும்போது லிஃப்ட் தானாகச் சற்று நகர்ந்து தன் சமநிலைக்கு வரும். இது புதியவர்களுக்கு நேர்மாறாகத் தோன்றுவதால் பயிற்சியில் தனியாகச் சொல்ல வேண்டியது.

ஆடை விஷயத்தை வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வதில்லை. தொடைகளுக்கு இடையில் வரும் ஸ்லிங் பட்டைகளைப் புடவை கட்டியவருக்குப் போட்டால் புடவை முழங்காலுக்கு மேல் சுருண்டு ஏறும்; லுங்கி கட்டியவருக்கு முடிச்சு அவிழும். நைட்டியாக இருந்தாலும் மடியில் ஒரு துண்டைப் போர்த்தி, திரையை இழுத்துவிட்ட பிறகு தூக்குவதே முறை. ‘எனக்கு அது வேண்டாம்’ என்று ஒரு பாட்டி மறுப்பதற்குப் பயத்தைவிடக் கூச்சமே காரணமாக இருப்பதைப் பல உதவியாளர்கள் கண்டிருப்பார்கள். சுடிதாருக்கு மாற ஒப்புக்கொள்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒப்புக்கொள்ளாதவர்களுக்குத் தொடைகளைச் சேர்த்தே தாங்கும் வகை ஸ்லிங் கிடைக்கிறது, ஆனால் அதைக் கழிப்பறைக்குப் பயன்படுத்த முடியாது.

தேர்வு ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியமாகவும் இருப்பதில்லை. காலையில் பெல்ட்டோடு எழுந்து நின்ற தாத்தா, மாலையில் களைத்தோ, சிறுநீர்த் தொற்றில் காய்ச்சல் ஏறியோ நிற்க மாட்டார். பார்க்கின்சன் நோயாளி மாத்திரையின் வேகம் இருக்கும்வரை நடப்பார், அது குறைந்தவுடன் உறைந்து நிற்பார். மறதி நோய் உள்ளவர் பகலில் சொன்னதைச் செய்தாலும் பொழுது சாயும்போது கலங்கி, கைகளைத் தட்டிவிடுவார். எனவே கட்டிலின் தலைமாட்டில் மாட்டும் அட்டையில் ‘பெல்ட், ஒருவர்’ என்று மட்டும் எழுதாமல், ‘களைத்திருந்தால் ஸ்லிங், இருவர்’ என்பதையும் எழுதிவைக்க வேண்டும். எந்த நேரத்திலும் ஐயம் வந்தால் கூடுதல் ஆதரவுள்ள முறைக்குப் போகும் உரிமை இரவு ஷிஃப்டில் தனியாக இருக்கும் உதவியாளருக்கும் இருக்க வேண்டும். ‘காலையில் நல்லாத்தானே நடந்தார், உனக்கு மட்டும் ஏன் முடியல?’ என்று சூப்பர்வைசர் கேட்கும் இல்லத்தில் இந்த அட்டையால் பயனில்லை.

கட்டிலுக்குள்ளேயே நடக்கும் மாற்றங்களிலும் இதே போன்ற தேர்வுகள் உள்ளன. தலைமாட்டுக்கு ஏற்றுவதற்குப் பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து இருபுறமும் பிடித்து இழுப்பது நம் வழக்கம். வெறும் கைகளால் இழுப்பதைவிட இது மேல், ஆனாலும் உராய்வு குறைவதில்லை. அடியில் மெக்கின்டாஷ் ரப்பர் ஷீட் இருந்தால் இன்னும் கூடும். வழுக்கும் நைலான் ஸ்லைடு ஷீட் இரண்டு அடுக்காக ஒன்றின்மேல் ஒன்று நகர்வதால், தூக்காமலே உடலைச் சறுக்கிக் கொண்டுபோகலாம். இந்தப் பட்டியலில் செலவுக்கு மிக அதிகப் பலன் தருவது இதுதான். வேலை முடிந்ததும் அதை உருவி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் முதியவர் கட்டிலிலிருந்து வழுக்கி விழுவார்.

ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது முழுக்க 90 பாகை திருப்பினால் இடுப்பெலும்பின் முனை மெத்தையில் குத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை மட்டும் சாய்ப்பதே நல்லது. அயர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது: இரவில் மூன்று மணிக்கொரு தடவை 30 பாகை சாய்க்கப்பட்டவர்களில் 3 சதவீதத்தினருக்கும், வழக்கப்படி ஆறு மணிக்கொரு தடவை 90 பாகை திருப்பப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும் படுக்கைப்புண் வந்தது. இரண்டு மணிக்கொரு தடவை திருப்பியே ஆக வேண்டுமா என்பதற்கு 2013-இல் அமெரிக்கா, கனடா இரு நாடுகளிலும் 27 இல்லங்களில் 942 பேரிடம் செய்த ஆய்வு ஒரு விடை தந்தது. இரண்டு, மூன்று, நான்கு மணி இடைவெளிகளுக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைப் படித்துவிட்டு உடனே இடைவெளியை நீட்டிவிடக் கூடாது. அங்கே எல்லோரும் அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்தார்கள். தென்னை நார் மெத்தையிலும் பள்ளம் விழுந்த இலவம் பஞ்சு மெத்தையிலும் படுத்திருப்பவருக்கு இரண்டு மணிக் கணக்கே இருக்கட்டும். உட்கார வைக்கும்போது காற்று வளையம் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். வளையத்தின் விளிம்பு அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், காக்க நினைத்த இடமே கெடுகிறது.

தரையில் விழுந்துவிட்டவர் விஷயத்தில் அவசரமே முதல் எதிரி. ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்க வாய்ப்புண்டு. அவரை எந்தக் கருவியாலும் எடுக்காமல், தலைக்குத் தலையணை கொடுத்துப் போர்த்திவிட்டு 108-ஐ அழைப்பதே சரி. காயம் இல்லை, சொல்வது புரிகிறது என்றால் அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு, முழங்காலிட வைத்து, அதைப் பிடித்து அவரே எழ உதவலாம். முறிவின் அறிகுறி இல்லை, ஆனால் அப்படி எழவும் முடியவில்லை என்றால், தரைவரை தாழும் வகையான முழு ஸ்லிங் லிஃப்ட். வாங்கும்போது அது தரைவரை தாழுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியது இதற்காகவும்தான்.

இவற்றைச் சேர்த்து ஒரு நடுத்தர இல்லம் வாங்கும் வரிசையை நான் இப்படிப் போடுவேன்: முதலில் ஒவ்வொரு தளத்துக்கும் ஸ்லைடு ஷீட்டுகளும் பெல்ட்டுகளும், அடுத்து கைப்பிடி கழலும் சக்கர நாற்காலிகள், பிறகு இரண்டு மூன்று அளவு ஸ்லிங்குகளோடு ஒரு முழு லிஃப்ட், பணம் மிஞ்சினால் நிற்க வைக்கும் லிஃப்ட். ஆட்களைத் தூக்கும் கருவியையும் அதன் ஸ்லிங்கையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் 1998 முதல் விதி. இங்கேயும் அந்த இடைவெளியைப் பின்பற்றலாம், அதற்கான சேவை ஒப்பந்தத்தை லிஃப்ட் வாங்கும் பில்லிலேயே சேர்த்துவிட வேண்டும். தையல் விட்ட ஸ்லிங்கை ஊசிநூலால் தைத்துப் பயன்படுத்தக் கூடாது, வெட்டி எறிந்துவிட வேண்டும். மின்சாரம் போனாலும் பேட்டரி தீர்ந்தாலும் தொங்கிக்கொண்டிருப்பவரை இறக்க உதவும் அவசர நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதை, இரவு ஷிஃப்ட் உட்பட எல்லா உதவியாளர்களும் தம் கையால் ஒரு முறை இயக்கிப் பார்த்த பிறகே முதல் முதியவரை அதில் ஏற்ற வேண்டும்.